நாற்காலியக்காவும் எங்கள் வளர்ச்சியும்

எங்கள் சபையில் வளர்ச்சிக் குழு என்று ஒன்று இருந்தது. ஏழு பேர். நானும் அதில் ஒருவன். தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் வருகைப் பதிவேடு என் தலையில் விழுந்தது. ஞாயிறுதோறும் இரண்டாவது பாட்டு நடக்கும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று தலைகளை எண்ணுவேன். கைக்குழந்தையைச் சேர்க்கலாமா கூடாதா என்று ஒரு கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறோம். சேர்க்கலாம் என்று முடிவானது. வயிற்றில் இருப்பதையும் சேர்த்திருப்போம், டாக்டர் சீட்டு கேட்க வேண்டி வருமே என்று விட்டுவிட்டோம்.

எங்களைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது நாற்காலியக்காவைப் பற்றி.

அவருக்குப் பெயர் இருந்தது. சம்பளச் சீட்டில் இருந்தது. யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கி, நாற்காலிகளைப் பரப்பி, ஆராதனை முடிந்ததும் பத்துப் பத்தாக அடுக்கிச் சுவரோரம் தள்ளுவது அவர் வேலை. இருபத்தோரு வருஷம் அதைச் செய்தார். கணவர் லாரியில் போனவர், வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு நின்றுவிட்டார். ஒரே மகள், கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். அக்கா ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஓர் அறையில் குடியிருந்தார். குட்டையான ஆள், ஆனால் இரண்டு கைகளிலும் மும்மூன்று நாற்காலிகளைக் கோத்துக்கொண்டு நடப்பார். வழியில் நிற்பவர்கள் யாராக இருந்தாலும் தானாக ஒதுங்கிவிடுவார்கள், போதகர் உட்பட.

அந்தச் சந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுவரோடு சுவராக ஒற்றை அறை வீடுகள். ஒரு கட்டில், அடுப்பு, குடம், துணிக் கொடி, மிச்சமிருக்கும் இடத்தில் மனிதர்கள். அங்கே நாற்காலிக்கு இடமும் கிடையாது, அது இல்லையே என்ற கவலையும் கிடையாது. ஆனால் வீட்டில் சாவு விழுந்தாலோ ஒருவர் நோயில் படுத்தாலோ, வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்? அக்கா வேலைக்குச் சேர்ந்த வருஷம் சந்தில் ஒரு சாவு. மழை. வந்தவர்கள் சுவரோரம் நனைந்துகொண்டு நின்றார்கள். அக்கா யாரையும் கேட்காமல் இருபது நாற்காலிகளைக் கொண்டுபோய்த் தார்ப்பாயின் கீழே போட்டார். அன்று தொடங்கியது.

அப்போது இருந்த போதகர் அதை அனுமதித்தார் என்று சொல்வார்கள். அவரைப் பெரிய மகான் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு எதையும் கவனிக்கும் பழக்கம் இல்லை. சந்துக்கு அவர் செய்த நன்மை அது ஒன்றுதான்.

மெல்ல மெல்லச் சில நாற்காலிகள் வீடுகளிலேயே தங்கிவிட்டன. நிறைமாதத்தில் தரையிலிருந்து எழ முடியாத ஒரு பெண்ணுக்கு ஒன்று. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியேதான் தூங்க முடியும் என்று ஓர் இழுப்புக்காரருக்கு ஒன்று. கொடுத்துவிட்டு உடனே வந்துவிட மாட்டார் அக்கா. ஆளை உட்காரவைத்துப் பார்ப்பார். கால் ஆடினால் அட்டையை மடித்து அடியில் செருகுவார். அடுத்த வாரம் மறுபடி போய் நிற்பார். கேட்டால், "நாற்காலியப் பாக்க வந்தேன்" என்பார். நாற்காலியைப் பார்க்கப் போனவருக்குத்தான் யார் வேலை போனது, யார் வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை, எந்தப் பெண் அழுதுகொண்டிருக்கிறாள் என்பதெல்லாம் தெரிந்தது. எங்கள் சபையிலும் வீடு சந்திப்பு என்று ஒரு திட்டம் இருந்தது. அதற்கான படிவம் அச்சகத்திலிருந்து வராததால் நான்கு வருஷமாகத் தொடங்கவில்லை.

ஒருமுறை நான் கேட்டேன். "அக்கா, இத்தன பேருக்கு நாற்காலி கொடுக்கறீங்களே, ஞாயித்துக்கெழம வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லலாமில்ல?"

"வந்தா எதுல உக்காருவாங்க சார்? நாற்காலிதான் அவங்க வீட்ல இருக்கே" என்றார். சிரித்துவிட்டு என் காலடியில் பெருக்கத் தொடங்கினார். நான் காலைத் தூக்கிக்கொண்டேன்.

புதிய போதகர் வந்தார். அவர் பின்னாலேயே ஒருங்கிணைப்பாளர் ஒருவரும் வந்தார். நாலு கருத்தரங்குக்குப் போய்வந்த மனிதர். கூடத்தில் எப்போதும் எண்பது சதவீதம் நாற்காலிகளாவது நிறைந்திருக்க வேண்டும், குறைந்தால் வருகிறவர்களுக்கு வெறிச்சென்று இருக்கும் என்பது அவர் வேதம். வாயைத் திறந்தால் எண்பது. அதனால் நாங்கள் அவரை எண்பது என்றே அழைத்தோம், முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே ஏழு பேரும் மண்டையை ஆட்டினோம்.

எண்பதுதான் விருந்தினர் ஞாயிறு என்று ஒரு நாளைக் குறித்தார். வழக்கமாக வருகிறவர்கள் தொண்ணூறு, புதியவர்கள் அறுபது, ஆக நூற்றைம்பது. தலைமையகத்திலிருந்து ஆள் வருவார், வீடியோ எடுக்கப்படும். அழைப்பு நோட்டீசைப் பெரிய சாலையில் ஒட்டினோம், கார் வைத்திருப்பவர்கள் கண்ணில் படும்படி. அடுத்த பேட்டைச் சபையின் பாடகர் குழுவுக்கு இரண்டு வேன் அனுப்பினோம். அடுத்தவன் மந்தையை இங்கே ஓட்டிவந்து எண்ணிக் காட்டுவதைத்தான் நாங்கள் வளர்ச்சி என்று சொல்லிக்கொண்டோம். ஆலயத்தின் பின்சுவரை ஒட்டியிருந்த சந்தில் ஒரு நோட்டீசும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பொருள் பதிவேட்டில் நீல நாற்காலி நூற்றைம்பது என்று இருந்தது. எண்பது எண்ணிப் பார்த்தார். நூற்றுப் பதினேழு இருந்தது. அக்காவைக் கூப்பிட்டார்.

"மிச்சம் முப்பத்து மூணு எங்கம்மா?"

"வேலைல இருக்கு" என்றார் அக்கா.

எண்பதுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. விஷயம் தெரிந்ததும் அன்று மாலையே குழு கூடியது. வாடகைக்கு எடுக்கலாமே என்றார் குழுவில் இருந்த பல் டாக்டர். கூடாது, எல்லாம் ஒரே நீலமாக இருக்க வேண்டும், வீடியோவில் பளிச்சென்று தெரியும் என்றார் எண்பது. சபையின் சொத்து, திரும்ப வாங்குவதில் என்ன தப்பு என்றார் இன்னொருவர். நடவடிக்கைக் குறிப்பில் "ஏகமனதாக" என்று என் கையால் எழுதினேன்.

விருந்தினர் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை பிற்பகல் நான்கு பேர் கிளம்பினோம். எண்பது, பல் டாக்டர், பொருளாளர், நான். போதகர் வரவில்லை. மறுநாள் பிரசங்கத்துக்குத் தயாரித்துக்கொண்டிருந்தார். தலைப்பு, "கதவுகளைத் திறப்போம்". யார் வீட்டில் எது இருக்கிறது என்பது அக்காவுக்கு மட்டுமே தெரியும், அது எதிலும் எழுதிவைக்கப்படவில்லை. காட்டாவிட்டால் வேலை இருக்காது என்று எண்பது அவரிடம் சொல்லியிருந்தார். அக்கா மறுக்கவில்லை. "வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்று முன்னால் நடந்தார்.

முதல் வீடு இழுப்புக்காரருடையது. அக்கா வாசலில் நின்று உரக்கச் சொன்னார்.

"அண்ணே, நம்ம சபையிலேருந்து பெரியவங்க எல்லாம் உங்களப் பாக்க வந்திருக்காங்க!"

உள்ளே இருந்தவர் பதறிப்போய் எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துண்டால் துடைத்து எண்பதுக்கு நேராகத் திருப்பி வைத்தார். "உக்காருங்கய்யா, உக்காருங்க." வீட்டில் இருந்ததே அந்த ஒரு நாற்காலிதான். எண்பது உட்கார்ந்தார். வேறு என்ன செய்வார்? அந்த மனிதர் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டு, தன் நோய்க் கதையைச் சொன்னார். ஆலயத்து மணிச் சத்தம் கேட்டுத்தான் தினமும் மாத்திரை போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அவர் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். எண்பது வேறு வழியில்லாமல் ஒரு ஜெபம் செய்தார். வெறுங்கையோடு வெளியே வந்தோம்.

"என்னம்மா இது? சொல்லி வெக்கலயா நீங்க?" என்று பல்லைக் கடித்தார் எண்பது.

"கொடுத்தது நானு. வாங்கிக்கறது நீங்க. நீங்க சொல்றதுதானே மொற?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார் அக்கா. "நம்ம சபையிலேருந்து உங்களப் பாக்க வந்திருக்காங்க!"

ஒன்பது வீடு இப்படியே நடந்தது. ஒன்பது வீட்டிலும் நாங்கள் எடுக்கப்போன நாற்காலியில் எங்களையே உட்காரவைத்தார்கள். இதற்கு முன்னால் நாங்கள் ஏன் வரவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டார்கள். ஒரு வீட்டில் கன்னம் வீங்கிய சிறுமி ஒருத்தி இருந்தாள். பல் டாக்டர் ஜன்னல் வெளிச்சத்துக்கு அவளைத் திருப்பி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், திங்கட்கிழமை கிளினிக்குக்கு வா, நானே பார்க்கிறேன் என்றார். அந்த வளர்ச்சிக் குழு தன் ஆயுளில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். எண்பது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டை விட்டு வெளியே வந்ததும் பல் டாக்டர், "இத இப்படியே விட்டுடலாமே" என்றார். யாரும் பதில் சொல்லாததால் கிளினிக்கில் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிட்டார்.

பத்தாவது வீடு பெயிண்டருடையது. இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர். மனைவி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்கிறார், காலையில் போனால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார். பெயிண்டர் பகல் முழுக்கத் தனியாள். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து ஊன்றினால் அவரால் எழுந்திருக்க முடியும். எழுந்தால் தடியைப் பிடித்துக் கழிப்பறைக்குப் போவார், தண்ணீர் மொண்டு குடிப்பார், வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரோடு பேசுவார். தரையில் உட்கார்ந்துவிட்டால் மனைவி வரும்வரை தரைதான். இதையெல்லாம் அக்கா வாசலிலேயே எங்களிடம் சொன்னார். இந்த ஒரு வீட்டில் மட்டும் அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"இத மட்டும் விட்டுருங்க சார். வேற எத வேணா எடுத்துக்கங்க."

அவர் கெஞ்சி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஒன்பது வீட்டில் உட்காரவைக்கப்பட்ட எரிச்சல் எண்பதுக்கு உச்சிக்கு ஏறியிருந்தது. பெயிண்டர் எழுந்து நாற்காலியைத் தர முயன்றபோது இவர் உட்காரவில்லை. நேரடியாகச் சொல்லிவிட்டார்.

"இது சபையோட நாற்காலி. எடுத்துட்டுப் போக வந்திருக்கோம்."

பெயிண்டர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். அன்று சனிக்கிழமை என்பதால் அவர் மனைவி வீட்டில் இருந்தார். "உங்களுதுதானே, எடுத்துக்கங்க" என்றார் பெயிண்டர். மனைவி அவருடைய இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, சுவரோடு சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் இறக்கினார். அதற்கு நெடுநேரம் ஆனது. அந்த நேரம் முழுவதும் நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்கம் மானம் சூடு சொரணை எதுவும் இல்லாத மூன்று பெரிய மனிதர்கள். பிறகு எண்பது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நாற்காலியைத் தூக்கியது நான்தான். சந்து முழுக்க வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேர் முன்னிலையிலும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அதன் பிறகு எண்பதுக்கு வெட்கம் விட்டுப்போயிற்று. ஒரு தள்ளுவண்டி கொண்டுவரச் செய்து எல்லா வீட்டிலும் எடுத்துவிட்டார். இழுப்புக்காரர் வீட்டிலும்தான். அக்கா பெயிண்டர் வாசலிலேயே நின்றுவிட்டார், எங்களோடு வரவில்லை. எது சபையின் நாற்காலி என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அவர் தேவைப்படவில்லை, நீல நிறம் வாசலிலிருந்தே தெரிந்தது.

மறுநாள் நூற்றைம்பது நீல நாற்காலிகளையும் அக்காவே பரப்பினார். இரண்டாவது பாட்டின்போது எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. பாடகர் குழுவையும் வீடியோக்காரரையும் மூன்று கைக்குழந்தைகளையும் சேர்த்துத்தான். எண்பதின் காதில் சொன்னேன். அவர் மனக்கணக்குப் போட்டார், முகத்தில் ஈயாடவில்லை.

"எழுபத்தஞ்சு சதவீதம்கூட வரல சார். பின்னால மூணு வரிசையும் காலியாத் தெரியுது, வீடியோல அசிங்கமா இருக்கும். எடுத்துடச் சொல்லுங்க."

கடைசி மூன்று வரிசை, வரிசைக்குப் பதினொன்று. முதல் நாள் தள்ளுவண்டியில் வந்த அதே முப்பத்து மூன்று. எஞ்சிய நூற்றுப் பதினேழில் அத்தனை பேரும் உட்கார்ந்தது போக ஐந்து மிச்சம் இருந்தது. சத்தமில்லாமல் அந்த முப்பத்து மூன்றையும் பக்கத்துக் கதவு வழியாகச் சாமான் அறைக்குக் கொண்டுபோகும்படி நான் அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.

"இதுக்குத்தானா சார்?" என்றார்.

நான் பதிவேட்டைப் புரட்டினேன்.

பிரசங்கம் பாதியில் இருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா கையில் மும்மூன்றாக நாற்காலிகள். சாமான் அறைப் பக்கம் போகவில்லை. பின்வாசலைத் திறந்து வைத்துச் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தார். முதலில் ஒரே ஒரு நாற்காலியை மட்டும் தனியாகக் கொண்டுபோனதையும் பார்த்திருந்தேன், அது பெயிண்டருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே என்ன சத்தம், போய்ப் பாருங்கள் என்று எண்பது சைகை காட்டினார். போனேன். அக்கா வியர்த்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"இன்னும் பதினஞ்சு இருக்கு சார். ஒரு கை புடிங்க."

உள்ளே போதகர் கதவுகளைத் திறப்பதைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா அதற்கு மேல் காத்திருக்கவில்லை, தானே குனிந்து எடுத்துக்கொண்டார். நான் உள்ளே வந்து, அடுக்கிக்கொண்டிருக்கிறார் என்று எண்பதிடம் சொன்னேன். அக்காவுக்கு உதவத்தான் பொய் சொன்னேன் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் பெருந்தன்மை. எனக்கு இருந்தது பயம். விசாரணை வந்தால் என்னையும் சேர்த்து இழுப்பார்களே என்ற பயம்.

ஆராதனை முடிந்ததும் விஷயம் வெளியே வந்தது. தலைமையகத்து விருந்தாளி காரில் ஏறும்வரை எண்பது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார், கார் திரும்பியதும் கத்தினார். போதகர் அக்காவை அறைக்குள் அழைத்துப் பேசினார். நானும் இருந்தேன்.

"சபையோட வளர்ச்சிக்கு நீங்க ஒத்துழைக்கலன்னா எப்படிம்மா? கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே."

"கேட்டேன் ஐயா, நேத்து. இந்த சார் பக்கத்துலதான் இருந்தாரு" என்றார் அக்கா. போதகர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இனிமே நீங்க வர வேண்டாம்மா" என்றார் போதகர். அதையும் ரொம்ப வருத்தமாகத்தான் சொன்னார், அவருக்கு அது நன்றாக வரும்.

"சரிங்கய்யா. இருபத்தோரு வருஷமா போட்டு எடுத்தேன். ஒண்ணுலகூட உக்கார நேரம் கெடைக்கல" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. வெளியே போய், ஆராதனைக்காகப் பரப்பியிருந்த மிச்ச நாற்காலிகளை வழக்கம்போலப் பத்துப் பத்தாக அடுக்கிவிட்டுப் போனார். நாங்கள் ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். நீங்கள் ஏன் அடுக்குகிறீர்கள் என்று கேட்கவாவது ஒருவருக்கு வாய் வந்திருக்கலாம்.

முப்பத்து மூன்றையும் திரும்ப எடுக்க எண்பது துடித்தார். வீடியோதான் நன்றாக வந்துவிட்டதே, விடுங்கள் என்று போதகர் அடக்கிவிட்டார். ஆனால் சாமான் அறைச் சாவி அக்காவிடமே இருந்தது. அதை வாங்கிவர ஓர் ஆள் வேண்டும். யார் போவது என்று குழு ஐந்து நிமிஷம் பேசியது. யாருக்கும் சந்துக்குள் முகத்தைக் காட்டத் தைரியமில்லை. நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவர் போகலாமே என்று முடிவானது, இதுவும் ஏகமனதாக.

திங்கட்கிழமை காலை போனேன். அக்காவின் அறை பூட்டியிருந்தது. இரண்டு வீடு தள்ளிப் பெயிண்டர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை மாற்றி, தலை வாரி, மடியில் தடியை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு பழக்கத்தில் அவர் கைகள் நாற்காலியில் ஊன்றின. பிறகு நின்றுவிட்டன. எழுந்திருக்கவில்லை.

"அக்கா அந்த இழுப்புக்காரரக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. தரையில படுத்ததுல நேத்து ராத்திரி மோசமாயிடுச்சாம். வந்துருவாங்க" என்றார்.

சனிக்கிழமை ராத்திரி அவர் தரையில் தூங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பாதிப் பகலும் நாற்காலி இல்லாமல் இருந்திருக்கிறார். நாற்காலி திரும்பிப் போனபோது அவருக்கு அது போதாமல் போய்விட்டது.

"உக்காருங்க சார்" என்றார் பெயிண்டர்.

தரையைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். சிமெண்ட் தரை, சில்லென்று இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. எதிர் வீட்டில் குழம்புக்கு எதையோ தாளித்துக்கொண்டிருந்த பெண் கரண்டியோடு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிறகு பெயிண்டர் கேட்டார். குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. கடைக்காரர் வாடிக்கையாளரிடம் கேட்பாரே, அப்படித்தான் கேட்டார்.

"இன்னிக்கு எதத் தூக்கிட்டுப் போக வந்தீங்க?"

"சாவி" என்றேன்.